ஐந்தாம் வகுப்பின் கல்லாப்பெட்டி

சுற்றியிருப்பவர்களுக்கு எது தேவை என்று கவனிப்பது, அதற்கு ஒரு வழி யோசிப்பது, கையில் இருக்கும் பணம், பொருள், ஆள், நேரம் ஆகியவற்றை வைத்து அந்த வழியைச் செய்து பார்ப்பது, சரிவராவிட்டால் மாற்றிச் செய்வது: தொழில்முனைவுத் திறன் என்று கல்வியாளர்கள் சொல்வதன் சாரம் இவ்வளவுதான். கடை திறப்பதும் கம்பெனி தொடங்குவதும் அதன் வடிவங்களில் சில. ஐரோப்பிய ஆணையம் 2016இல் வெளியிட்ட என்ட்ரிகாம்ப் என்னும் சட்டகம் இந்தத் திறன்களை 15ஆகப் பிரித்துக் காட்டுகிறது. வாய்ப்பைக் கண்டுகொள்வது, படைப்பூக்கம், விடாமுயற்சி, பிறரோடு சேர்ந்து வேலை செய்வது, நிச்சயமில்லாத நிலையைச் சமாளிப்பது, அனுபவத்திலிருந்து கற்பது என்று நீளும் அந்தப் பட்டியலில் நிதி பற்றிய அறிவு ஒரே ஒரு இடத்தைத்தான் பிடித்திருக்கிறது. உண்டாகும் பயன் பணமாகவும் இருக்கலாம், ஊருக்கோ பண்பாட்டுக்கோ கிடைக்கும் நன்மையாகவும் இருக்கலாம் என்பதே அந்தச் சட்டகத்தின் நிலைப்பாடு. தொடக்கப் பள்ளிக்கு இந்தப் பாடத்தைக் கொண்டுவருவோர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

இதையெல்லாம் பத்து வயதில் சொல்லித்தர வேண்டுமா, கல்லூரியில் பார்த்துக்கொள்ளக் கூடாதா என்ற கேள்வி நியாயமானது. நெதர்லாந்தில் நடந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓரளவு விடை கிடைக்கும். முதலாவது, தொழிற்கல்லூரி மாணவர்கள் சிறு நிறுவனம் ஒன்றை நடத்திப் பழகும் பயிற்சியைப் பற்றியது, 2010இல் வெளியானது. பயிற்சியால் மாணவர்களின் திறன்கள் கூடியதாகத் தெரியவில்லை. சொந்தத் தொழில் தொடங்கும் ஆசையும் குறைந்துபோயிருந்தது. (தொழிலின் சிரமம் புரிந்து ஆசை குறைந்திருந்தால் அதுவும் ஒரு கல்விதான்.) இரண்டாவது ஆய்வு 2014இல் வந்தது. தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருக்கும் 11, 12 வயதுப் பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பயிற்சி பெற்ற வகுப்புகளைப் பெறாத வகுப்புகளோடு ஒப்பிட்டது. தொழில் பற்றிய அறிவில் வேறுபாடு எதுவும் இல்லை. ஆனால் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை, விடாமுயற்சி, படைப்பூக்கம் போன்ற குணங்களில் பயிற்சி பெற்றவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். லாரா ரோசண்டால் ஹூபர், ராண்டால்ப் ஸ்லூஃப், மிரியம் வான் பிராக் ஆகிய மூவரும் சேர்ந்து செய்த ஆய்வு அது. இந்தக் குணங்கள் சிறுவயதில்தான் நன்றாக வளர்கின்றனபோலும் என்று அவர்கள் தயக்கத்தோடே முடிவு சொன்னார்கள். அந்தத் தயக்கத்தையும் சேர்த்தே நாம் எடுத்துக்கொள்வது நல்லது.

அந்தப் பிள்ளைகள் செய்தது என்ன? பிஸ்வேர்ல்டு என்ற அந்தப் பயிற்சியை 1990களில் தொடங்கியவர் அமெரிக்க முதலீட்டாளர் டிம் டிரேப்பர். வகுப்பு ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியும். ஒவ்வொரு குழுவும் ஒரு கம்பெனி. தலைவர் யார், கணக்குக்கு யார், வடிவமைப்புக்கு யார், விற்பனைக்கு யார் என்று பொறுப்புகளைப் பிள்ளைகள் பிரித்துக்கொள்வார்கள். செய்யும் பொருள் நூலில் பின்னும் நட்புக் கயிறு. விளையாட்டுப் பணத்தில் கடன் வாங்கலாம், பங்கு விற்கலாம். மூலப்பொருள் வாங்கி, கயிறு பின்னி, விளம்பரம் எழுதி, விற்று, கடைசியில் கணக்கை முடிக்க வேண்டும். உள்ளூர்த் தொழில் செய்பவர் ஒருவர் வகுப்புக்கு வந்து முதலீட்டாளராக உட்காருவார். பிள்ளைகள் தங்கள் திட்டத்தை அவரிடம் எடுத்துச் சொல்லிப் பணம் கேட்பார்கள். மொத்தமே ஐந்து பள்ளி நாட்கள். அதையும் சில வாரங்களுக்குப் பரப்பி நடத்துகிறார்கள்.

லாபம் என்ற கருத்து பெரியவர்களுக்கு மிக எளிது. பிள்ளைகளுக்கு அப்படியில்லை என்பதை உளவியலாளர் குஸ்டாவ் ஜஹோடா ஒரு சின்ன விளையாட்டின் மூலம் காட்டினார். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துப் பிள்ளைகளைக் கடைக்காரராக நடிக்கச் சொன்னார். மொத்த வியாபாரியிடம் சரக்கு வாங்கி, வாடிக்கையாளருக்கு விற்க வேண்டும். சிறிய பிள்ளைகள் பலர் வாங்கிய விலைக்கே விற்றார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் வேறுபாடு இருக்கிறது, அதில்தான் கடைக்காரர் பிழைக்கிறார் என்பது பெரும்பாலோருக்குப் பத்து, பதினொரு வயதில்தான் பிடிபட்டது. 1979இல் வெளியான ஆய்வு இது. பிறகு அதே கேள்வியை ஜிம்பாப்வேயின் ஹராரே நகரத்தில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார். ஐரோப்பியப் பிள்ளைகளைவிட அவர்கள் முன்னே இருந்தார்கள். காரணம், வீட்டு வியாபாரத்தில் கைகொடுத்துப் பழகியிருந்தார்கள். வயதின் பங்கு கொஞ்சம், பழக்கத்தின் பங்கு கொஞ்சம் என்றாகிறது.

ஆனால் பழக்கம் மட்டும் போதாது. பிரேசிலின் ரெசிஃபே நகரத்தில் தெருவில் பொருள் விற்ற பிள்ளைகளிடம் டெரசினா கராஹரும் மற்ற ஆய்வாளர்களும் வாடிக்கையாளர்போலப் போய்க் கணக்குக் கேட்டார்கள். விற்கும் இடத்தில் 98 சதவீத விடைகள் சரி. அதே கணக்குகளைத் தாளில் வெறும் எண்களாகக் கொடுத்தபோது சரியான விடை 37 சதவீதமாக இறங்கிவிட்டது. ஒன்று 35 என்றால் பத்துத் தேங்காய்க்கு என்ன விலை என்று கேட்டபோது மூன்று மூன்றாகக் கூட்டிச் சரியாகச் சொன்ன பையன், தாளில் 35ஐ நான்கால் பெருக்கச் சொன்னபோது தடுமாறினான். 1985இல் வெளியான அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் ஐந்தே பேர். நாற்பது ஆண்டு கழித்து, பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட குழு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது. 2025இல் நேச்சர் இதழில் வெளியான முடிவு இரண்டு பக்கமும் வெட்டுகிறது: சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகக் கணக்கு வரவில்லை, பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை. கற்றது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குத் தானாகத் தாண்டுவதில்லை. பள்ளிக்குள் ஒரு கடை போடுவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை. போடும் கடையில் கணக்கு நோட்டு இல்லையென்றால் அந்தக் கடையால் பயனில்லை என்பதும் இதிலேயே அடங்கியிருக்கிறது.

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேர் பள்ளிச் சந்தையில் சுண்டல் கடை போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கொண்டைக்கடலை ஒரு கிலோ 110 ரூபாய். தேங்காய் ஒன்று 40. எண்ணெய், கடுகு, மாங்காய் எல்லாம் சேர்த்து 30. காகிதக் கிண்ணம் முப்பது, ஒன்று ஒரு ரூபாய் வீதம் 30. ஆக, போட்ட முதல் 210 ரூபாய். முப்பது கிண்ணம் தேறும் என்றால் ஒரு கிண்ணத்தின் அடக்க விலை 7 ரூபாய். 10 ரூபாய்க்கு விற்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். முப்பதும் விற்றால் 90 ரூபாய் லாபம். இந்தப் பெருக்கல், கழித்தல் வரை மூன்றாம் வகுப்புப் பிள்ளையே வந்துவிடும். உண்மையான பாடம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

சந்தை அன்று பக்கத்துக் கடையிலும் சுண்டல். மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது, விற்றது 22 கிண்ணம். கல்லாவில் 220 ரூபாய். போட்ட முதல் வந்துவிட்டது, பத்து ரூபாய் கையில் மிச்சம், எட்டுக் கிண்ணம் தட்டில் மிச்சம். இப்போது என்ன செய்வது? பாதி விலைக்குத் தள்ளிவிடலாம் என்பது ஒரு கட்சி. 5 ரூபாய்க்கு விற்றால் அடக்க விலைகூடக் கிடைக்காதே, நஷ்டமாயிற்றே என்பது இன்னொரு கட்சி. இந்தச் சண்டையில் ஆசிரியர் உடனே தலையிடாமல் இருந்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்: கடலைக்குக் கொடுத்த காசு கொடுத்தாயிற்று, விற்காமல் வைத்திருந்தாலும் அது திரும்பப் போவதில்லை, சாயங்காலத்துக்குள் சுண்டல் ஊசிப்போகும், ஆகவே இனி வருகிற ஐந்து ரூபாயும் வரவுதான். எட்டையும் விற்றால் 40 ரூபாய். மொத்த வரவு 260, லாபம் 50. ஆனால் காலையிலேயே பத்து ரூபாய் கொடுத்து வாங்கிய நண்பன் வந்து சண்டை பிடித்தால் அவனுக்கு என்ன பதில் சொல்வது? இந்தக் கேள்விக்குக் கணக்கு நோட்டில் விடை கிடையாது. அவர்களேதான் பேசி முடிவெடுக்க வேண்டும்.

மறுநாள் வகுப்பில் நோட்டைத் திறந்து உட்காருவதைப் பல பள்ளிகள் விட்டுவிடுகின்றன. சந்தை முடிந்ததும் படம் எடுத்து, கைதட்டி, வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மறுநாள் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருக்கின்றன. கேஸ் அடுப்புக்கு யார் காசு கொடுத்தார்கள்? கடலையை ஊறவைத்து, வேகவைத்து, தாளித்துக் கொடுத்த அம்மாவின் கூலி எந்த வரியில் எழுதியிருக்கிறது? ஆறு பேர் இரண்டு மணி நேரம் நின்றதற்கு என்ன கணக்கு? அதையெல்லாம் எழுதிப் பார்த்தால் ஐம்பது ரூபாய் லாபம் இருந்த இடம் தெரியாமல் போகும். வீட்டில் சமைக்கிறவரின் உழைப்புக்கும் ஒரு விலை உண்டு என்று பத்து வயதில் ஒரு பையன் தன் கையால் எழுதிப் பார்ப்பது, லாபக் கணக்கைவிடப் பெரிய பாடம். பக்கத்துக் கடைக்காரர்களும் சுண்டல் போடப் போகிறார்களா என்று முன்னாலேயே விசாரித்தோமா, எதிர்வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டோமா என்ற கேள்விகளும் அப்போதுதான் எழும். அடுத்த பருவத்தில் அதே குழு இன்னொரு முறை கடை போட்டால், கற்றது தங்கியதா என்று தெரிந்துவிடும்.

இதே விளையாட்டை ஃபின்லாந்து ஒரு நகரமாகவே கட்டியிருக்கிறது. 2010இல் தொடங்கிய யிரித்திஸ்குலா என்ற திட்டத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு நாள் முழுக்கச் சின்ன நகரம் ஒன்றில் வேலை செய்கிறார்கள். அங்கே வங்கி, கடை, நகராட்சி என்று ஒன்றரை டஜன் வரை நிறுவனங்கள் இருக்கும். அதற்கு முன் பள்ளியில் பத்துப் பாடவேளைகள் தயாரிப்பு நடக்கும். பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பம் எழுதி, நேர்காணலுக்கும் உட்காருவார்கள். நகரத்துக்குள் போனதும் வேலை, சம்பளம், செலவு எல்லாமே உண்டு. நாட்டின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளில் பெரும்பாலோர் இதில் கலந்துகொள்கிறார்கள். 2014இல் இதற்குக் கல்விக்கான வைஸ் விருது கிடைத்தது. பிள்ளை அங்கே முதலாளியாக மட்டும் இருப்பதில்லை. தொழிலாளியாகவும் வாங்குபவராகவும் இருந்து பார்க்கிறது, வரிப்பணம் எங்கே போகிறது என்பதையும் காண்கிறது. குறை சொல்ல இடமில்லாமல் இல்லை. அந்தச் சின்ன நகரத்துக் கடைகளில் பல, உண்மையான நிறுவனங்களின் பெயரையும் சின்னத்தையும் தாங்கி நிற்கின்றன. பாடத்துக்கும் விளம்பரத்துக்கும் இடையில் கோடு எங்கே என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளை பிரித்துப் பார்ப்பது கடினம்.

இந்தியாவில் பிறந்து உலகமெங்கும் போன முயற்சி ஒன்றும் உண்டு. 1098 என்ற எண்ணில் குழந்தைகளுக்கான சைல்டுலைன் உதவிச் சேவையைத் தொடங்கிய ஜெரூ பில்லிமோரியா, 1991இல் மும்பையில் மெல்ஜோல் என்ற அமைப்பை ஏற்படுத்தினார். அங்கே உருவான பாடங்களே பின்னர் அஃப்லாத்தூன் என்ற பெயரில் ஆம்ஸ்டர்டாமைத் தலைமையிடமாகக் கொண்டு பல நாடுகளுக்குப் பரவின. பாடம் தன்னை அறிவதில் தொடங்கும். அடுத்து உரிமையும் கடமையும். பிறகு சேமிப்பும் செலவும். பிறகு திட்டமிடலும் வரவுசெலவும். கடைசியில்தான் சிறு தொழில் அல்லது ஊருக்கான ஒரு வேலை. பணத்துக்கு முன்னால் உரிமையை வைத்த இந்த வரிசை தற்செயலாக அமைந்ததில்லை.

கானா நாட்டில் நடந்த ஓர் ஆய்வு அந்த வரிசையின் அருமையைக் காட்டுகிறது. அரசுப் பள்ளிகளில் ஒரு பகுதிக்கு அஃப்லாத்தூன் முறையில் சமூகப் பாடமும் நிதிப் பாடமும் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னொரு பகுதிக்கு நிதிப் பாடம் மட்டும். இரண்டிலும் பூட்டுப் போட்ட உண்டியலோடு சேமிப்பு மன்றம் இருந்தது. ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தால், பள்ளியில் சேமிப்பது இரண்டிலுமே கூடியிருந்தது. ஆனால் பெரும்பாலும் வீட்டில் வைத்திருந்த காசைப் பள்ளிக்கு மாற்றியிருந்தார்கள், அவ்வளவுதான். கவலை தரும் செய்தி வேறு: நிதிப் பாடம் மட்டும் படித்த பிள்ளைகள், பாடமே படிக்காத பிள்ளைகளைவிட அதிகமாக வேலைக்குப் போயிருந்தார்கள். சமூகப் பாடமும் சேர்த்துப் படித்தவர்களிடம் அந்தக் கூடுதல் இல்லை. இரண்டு பாடமுறைகளையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. இருந்தாலும், காசின் ருசியை மட்டும் காட்டினால் பிள்ளை புத்தகத்தை மூடிவிட்டுக் காசைத் தேடிப் போகக்கூடும் என்ற எச்சரிக்கையைப் புறந்தள்ள முடியாது.

தமிழ்நாட்டில் இந்த எச்சரிக்கைக்கு இன்னொரு பரிமாணமும் இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு சென்னை மாநிலத்துக் கிராமத் தொடக்கப் பள்ளிகளில் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் பெற்ற அதைப் பெரியாரும் திராவிட இயக்கமும் கடுமையாக எதிர்த்தனர். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு மூண்டது. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார். 2020 தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்க் கைவினைஞர்களிடம் தொழில் பழகலாம் என்றபோதும் இங்கே அதே நினைவுதான் கிளம்பியது. ஆகவே தொடக்கப் பள்ளியில் தொழில் என்ற பேச்சை எடுப்பவர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டுதான் பேச வேண்டும். குலக்கல்வி பிள்ளையிடம் அப்பன் தொழிலைக் கொடுத்தது. தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கொடுக்கவில்லை. முனைவுக் கல்விக்கு உயிரே அந்தத் தேர்வுதான். சலவைத் தொழிலாளியின் மகள் கம்பெனித் தலைவராகவும், மளிகைக்கடைக்காரர் மகன் கிண்ணம் கழுவுபவனாகவும் இருந்து பார்க்க வகுப்பறையில் வழி இருக்க வேண்டும். பொறுப்புகள் முறைவைத்து மாறாவிட்டால் வாயாடிகள் கல்லாவிலும் ஒதுங்கி நிற்பவர்கள் தண்ணீர்க் குடத்தருகிலும் நிலைத்துவிடுவார்கள்.

சட்டமும் கோடு போட்டிருக்கிறது. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்படி 14 வயது நிறையாதவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரத்துக்குப் பின்பும் விடுமுறையிலும் அபாயமில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதற்கும், நிபந்தனைகளோடு கலை, விளையாட்டுத் துறைகளில் பங்கெடுப்பதற்கும் மட்டும் விலக்கு உண்டு. பள்ளிச் சந்தை வேலைவாங்கும் இடமாக ஆகக் கூடாது. அளவு சிறியதாக, நாள் குறைவாக, வருமானம் பிள்ளைகளின் பொது முடிவுக்கு உட்பட்டதாக இருந்தால் அந்த அபாயம் இல்லை.

பணமே புழங்காத முனைவும் உண்டு. அகமதாபாத்தில் ரிவர்சைடு பள்ளியை நிறுவிய கிரண் பிர் சேத்தி 2009இல் தொடங்கிய டிசைன் ஃபார் சேஞ்ச் இயக்கத்தில், உணர், கற்பனை செய், செய், பகிர் என்ற நான்கு படிகளே பாடம். பள்ளியைச் சுற்றி எது உறுத்துகிறது என்று பிள்ளைகள் முதலில் தேடுகிறார்கள். குப்பையாக இருக்கலாம், சாலையைக் கடக்கும் பயமாக இருக்கலாம். பிறகு பாதிக்கப்பட்டவர்களிடம் பேசி, ஒரு தீர்வைச் செய்து பார்த்து, மற்றவர்களுக்குச் சொல்கிறார்கள். தேவையைக் கவனிப்பது, திட்டமிடுவது, ஆள் சேர்ப்பது, தோற்றால் மாற்றுவது எல்லாமே இதில் வந்துவிடுகின்றன. காசு கொண்டுவர முடியாத பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளிக்கு இதுதான் சுலபமான தொடக்கம்.

வயதைப் பொறுத்து அளவு மாறும். ஒன்று, இரண்டாம் வகுப்பில் கடை விளையாட்டும், சில்லறை கொடுத்து வாங்குவதும், தேவைக்கும் ஆசைக்கும் உள்ள வேறுபாடும் போதும்; கடைக்காரர் மீதிச் சில்லறை கொடுப்பதையே பணம் கொடுக்கிறார் என்று நினைக்கும் வயது அது. மூன்று, நான்காம் வகுப்பில் அடக்க விலை போடலாம், பக்கத்துக் கடைக்காரரைப் பேட்டி காணலாம். சரக்கு எங்கிருந்து வருகிறது, கெட்டுப்போனால் யார் பொறுப்பு, கடன் கேட்பவரிடம் என்ன சொல்வார் என்று அவரிடமே கேட்டு வரலாம். ஒரு தெருமுனைக் கடைக்காரரிடம் அரை மணி நேரம் பேசினால், புத்தகத்தில் பத்துப் பக்கம் படிப்பதைவிட அதிகம் கிடைக்கும். முழுக் கடையும் கணக்கு நோட்டும் ஐந்தாம் வகுப்புக்கு உரியவை.

நடைமுறையில் எங்கும் வரும் சிக்கல் பெற்றோர்தான். மகன் கடையில் எதுவும் மீதமாகக் கூடாது என்று அப்பாவே ஐநூறு ரூபாய்க்கு வாங்கிவிடுவார். அம்மா முந்தின இரவே முறுக்கு சுட்டுக் கொடுத்துவிடுவார். அதற்கு ஒரு பள்ளி இரண்டு விதி வைத்தால் போதும். எல்லாக் குழுவுக்கும் ஒரே அளவு முதலைப் பள்ளியே கடனாகக் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒரு கடையில் இவ்வளவுக்குமேல் வாங்கக் கூடாது. சமையல் வேண்டாம் என்றால் விதைப் பந்து, துணிப்பை, பழைய புத்தகம், வாழ்த்து அட்டை என்று எத்தனையோ இருக்கின்றன. கடனைத் திருப்பிய பின் மிஞ்சும் பணத்தை என்ன செய்வது என்பதைப் பிள்ளைகளே வாக்களித்து முடிவு செய்யலாம். ஒரு காலத்தில் பள்ளிகளில் இருந்த சஞ்சாயிகா சேமிப்புத் திட்டத்தில், ஆசிரியர் மேற்பார்வையில் மாணவர்களே கணக்கு எழுதி வந்ததைப் பெரியவர்கள் பலர் இன்னும் நினைவில் வைத்திருப்பார்கள். அதுபோன்ற ஒரு சின்னக் கணக்கு இப்போதும் வகுப்புக்கு உதவும்.

இதற்கென்று தனிப் பாடவேளையோ தனிப் புத்தகமோ வேண்டியதில்லை. பணம் பற்றிய பாடம் கணக்கில் இருக்கிறது. விளம்பரமும் கடிதமும் தமிழில் இருக்கின்றன. சந்தையும் தொழில்களும் சமூக அறிவியலில் இருக்கின்றன. மதிப்பெண் போடாமல் இருப்பது இன்னும் நல்லது. அதிக லாபம் எடுத்த குழுவுக்குப் பரிசு என்று அறிவித்தால், அடுத்த முறை எல்லாக் கடையிலும் மிட்டாயும் குளிர்பானமும்தான் இருக்கும். ஆசிரியர் பார்க்க வேண்டியது நோட்டைத்தான்: முதலில் போட்ட கணக்குக்கும் கடைசியில் வந்த கணக்குக்கும் எங்கே வேறுபாடு வந்தது என்று குழு தானாக எழுதியிருக்கிறதா, நஷ்டப்பட்ட குழு அதை மறைக்காமல் எழுதியிருக்கிறதா, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்று ஒரு வரியாவது இருக்கிறதா என்பவையே மதிப்பீடு.